மூன்றாவது பொருள்

“மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களா?” அகராதி அலுவலகத்தின் மூத்த பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

“ஆமா சார், மூணாவது தடவை,” என்றாள் அவருடைய உதவியாளப் பெண். “இந்தத் தொகுதியில ‘சூழல்மண்டலம்’ மட்டும்தான் பாக்கி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிச்சாத்தான் அச்சுக்குப் போகும்.”

அவருக்கும் அது இன்றே முடிந்தாக வேண்டும். தொகுதி முடிந்ததும் பத்து நாள் லீவு போட்டு மனைவியை எங்கேயாவது கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. சொல்லப்போனால், போன தொகுதிக்கும் இதே வாக்குத்தான். நினைத்தாலே அவருக்கு அலுப்பாக இருந்தது.

“சரி, படிம்மா.”

“முதல் பொருள்: ஓரிடத்தில் வாழும் உயிர்களும் அங்குள்ள மண், நீர், காற்றும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் அமைப்பு. உதாரணம், குளம். இதுல தகராறு இல்ல.”

“ரெண்டாவது?”

“ஒன்றையொன்று நம்பித் தொழில் செய்யும் நிறுவனங்களின் கூட்டம்.”

“கம்பெனிக்காரங்க எக்கோசிஸ்டம், எக்கோசிஸ்டம்னு உயிரை வாங்குறாங்களே, அதானே? குளத்துத் தவளைக்குத் தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துடும்.”

“மூணாவதுதான் சார் தலைவலி. குடும்பம், ஆபீஸ்னு எதுக்கு வேணும்னாலும் சொல்றது. ‘நிஜமா யாராவது இப்படி எழுதுறாங்களா? நீங்களே ஜோடிச்ச வாக்கியம் வேண்டாம், ஆதாரம் காட்டுங்க’ன்னு சரிபார்க்கிற குழுவுல கேட்டுத்தான் திருப்பி அனுப்பியிருக்காங்க.”

“காட்டிட்டாப் போச்சு.” சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். உதாரண வாக்கியங்கள் எழுத அலுவலகத்தில் கொடுக்கும் அதே வெள்ளை அட்டை. “எங்க வீட்டம்மா எழுதினது.”

அவர் மனைவிக்கு மருத்துவமனையில் இரவு டூட்டி. இவர் வீடு திரும்பும்போது அவள் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது இவர் கிளம்பியிருப்பார். பால் வாங்குவதிலிருந்து பல் வலி வரை எல்லாப் பேச்சும் ஃபிரிட்ஜில் ஒட்டும் அட்டையில்தான். சொல்லுக்கு உதாரணம் கிடைக்காமல் இவர் திண்டாடினால், அதையும் அங்கேயே கேட்டு ஒட்டுவார். அவளும் சளைக்காமல் எழுதி வைப்பாள்.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி கேட்டேன். திங்கக்கிழமையே ஒட்டியிருந்தா. பாரேன்.”

உதவியாளப் பெண் வாங்கிப் படித்தாள். ‘எங்கள் வீடும் ஒரு சூழல்மண்டலம்தான். அதில் ஓர் உயிர் இல்லாமல் போனால் மற்றதுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?’

“அடேங்கப்பா! பிரமாதம் சார். ஆனா இதுவும் ஜோடிச்சதுதானே? நீங்க கேட்டதுக்காக எழுதினது.”

“இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல அதையெல்லாம் யாரும்மா பார்க்கப்போறா? போடு.”

“மேடத்துக்கு ஒரு போன் பண்ணி நன்றி சொல்லட்டுமா?”

“ஐயோ, வேண்டாம். தூங்குற நேரம், எழுப்பினா என்னைத்தான் திட்டுவா. பாவம், டபுள் டூட்டி போல. நாலு நாளா ஃபிளாஸ்க்ல டீயும் இல்ல, ஃபிரிட்ஜ்ல அட்டையும் இல்ல. எதிர் வீட்டம்மா வேற தினமும் என்னமோ குடுக்கணும்னு கூப்பிடுறாங்க. நமக்கு நிக்க நேரம் ஏது?” கொட்டாவி விட்டபடி பையைத் தோளில் மாட்டினார். “இன்னிக்கு அவ டூட்டிக்குக் கிளம்புறதுக்குள்ள போய், லீவு விஷயத்தை நேர்லயே சொல்லிடப்போறேன். முகம் எப்படி மாறுதுன்னு பார்க்கணும். நீ முத்திரையைக் குத்திட்டுக் கிளம்பும்மா.”

அட்டையில் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். மறுபக்கம் முத்திரைக்கு மட்டும். முப்பது வருஷப் பழக்கம், அவர் எந்த அட்டையையும் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. உதவியாளப் பெண் முத்திரையை மையில் ஒற்றி, அட்டையைத் திருப்பினாள்.

‘இது உதாரணம் இல்லை. நான் கிளம்பிவிட்டேன். என் சாவி எதிர் வீட்டம்மாவிடம் இருக்கிறது.’