வாசல் எடுத்த படம்

வைரத்தோட்டில் ஒன்றைக் காணவில்லை. "நான் பார்க்கலீங்க்கா" என்று சொல்லிவிட்டு மயிலாத்தா பாத்திரம் தேய்க்கப் போனாள். சுகந்தி நம்பவில்லை. இந்த வீட்டுக்கு வேலையாள் என்று வேறு யார் வருகிறார்கள்?

வாசல் நிலையில் ஒளியிழை பதித்திருந்தது. வீட்டுப் பொருள் யாரோடாவது வெளியே போனால் அது அலறும். போகிறவர்களின் உடம்புக்குள்ளும் பார்த்துப் படமெடுத்து வைக்கும். படம் எடுக்கிற சங்கதியை மட்டும் மயிலாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை.

நேற்று அது அலறவில்லைதான். இயந்திரத்தையும் ஏமாற்ற ஆள் உண்டு என்று நினைத்துக்கொண்டு, சுகந்தி கைப்பேசியில் மயிலாத்தாவின் படங்களைத் திறந்தாள்.

வயிற்றில் தோடு இல்லை. நெஞ்சில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. பழைய படங்களுக்குப் போகப் போக அது சிறுத்துக்கொண்டே வந்து, தை மாதத்தில் மிளகளவாக நின்றது. வீட்டுப் பொருள் இல்லையே, வாசல் அதற்கு எதற்கு அலறும்?

சுகந்தி சமையலறைக்குப் போனாள்.

"நாளைக்கு வேலைக்கு வராதே, மயிலாத்தா. ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டு. நானும் கூட வர்றேன்."

"எனக்கென்னங்க்கா, நல்லாத்தானே இருக்கறேன். நெஞ்சுல என்னமோ இருக்குதுன்னு உங்களுக்கெப்படித் தெரியும்?"

சுகந்தியின் கண் தன்னையறியாமல் வாசல் நிலைக்குப் போய்த் திரும்பியது. மயிலாத்தாவும் அங்கே பார்த்தாள். ஈரக்கையோடு முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

"தோடு கெடச்சுதுங்களா?" என்று கேட்டாள்.