பன்னிரண்டு அடி

மனித குலம் இரண்டு காலில் எழுந்து நின்ற நாளில்தான் நாகரிகமே பிறந்தது என்று சிறப்பு விருந்தினர் முழங்கினார். முட்டி வலி என்பதால் உட்கார்ந்தபடியேதான். மேடையில் அவருக்குப் பின்னால் பூரணி காத்திருந்தாள். நரம்பைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் வந்த ஆறு வருடத்தில் அவள் விழாத இடம் வீட்டில் பாக்கியில்லை. மருத்துவமனையின் நடைப்பயிற்சி வகுப்பில் அவளை மூன்று மாதம் பழக்கிய ஜெபராஜ் காலையிலேயே சொல்லியிருந்தான்: "பன்னெண்டே அடிக்கா. விழாம மைக் வரைக்கும் நடந்து காட்டிட்டீங்கன்னா நம்ம வகுப்ப மூட மாட்டாங்க."

விருந்தினர் மூன்றாவது முறையாக "இறுதியாக ஒன்று" என்றார்.

"தம்பி, பாத்ரூம் போகணும்ப்பா" என்றாள் பூரணி, பக்கத்தில் நின்ற ஜெபராஜிடம்.

"இதோ முடிச்சிருவார்க்கா. நடுவுல எந்திரிச்சா மரியாதையா இருக்காது."

இந்த நோயில் கால் மட்டுமா சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

அரை மணி நேரம் கழித்து அவள் பெயரை அழைத்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. பூரணி எழவில்லை.

"எந்திரிங்கக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"கால் வரலப்பா" என்றாள்.

இத்தனை பயிற்சியும் வீணாயிற்றே என்று விருந்தினர் மைக்கில் வருந்தினார். வகுப்பு அந்த மாதமே நின்றது.

அன்று அவள் கால் நன்றாகத்தான் இருந்தது. நாற்காலிதான் நனைந்திருந்தது.