சத்தம் போடாத மெஷின்

"நீங்க வீட்டுக்குப் போய் கொஞ்சம் கண் அசருங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணி, மூன்றாவது முறையாக.

நான் நாற்காலியை அண்ணனின் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன்.

மூச்சு மெஷினிலிருந்து வரும் குழாய் அண்ணனின் கழுத்தருகே மாட்டியிருந்தது. அது கழன்றால் மெஷின் அலற வேண்டும். அலறினால் நர்ஸ் ஓடிவருவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த மெஷினின் மென்பொருளுக்கு மையமான கெர்னலுக்குள் ஓடி, அதை இயக்கும் டிரைவர் நிரலைச் சோதித்தது எங்கள் அலுவலகம்.

சோதனைக் கணினியில் ஸ்பீக்கர் கிடையாது. அலாரம் அடித்ததா என்று கவரேஜ் அறிக்கைதான் சொல்லும். நிரலின் எந்தத் துண்டு, அதாவது எந்த ஃபங்ஷன், எத்தனை முறை ஓடியது என்று எண்ணி வைக்கும் அறிக்கை.

குழாயைக் கழற்றும் சோதனையில் எல்லா வரியும் பச்சை. அலாரம் ஃபங்ஷன் மட்டும் சிவப்பு. பூஜ்ஜியம்.

அன்று யாரும் பதறவில்லை. சின்ன ஃபங்ஷன்களை, அவற்றைக் கூப்பிடும் பெரிய ஃபங்ஷனுக்குள்ளேயே, நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் கரைத்துவிடும். வேலை நடக்கும், பெயர் மட்டும் எண்ணிக்கையில் வராது. பாலில் கரைந்த சர்க்கரை மாதிரி. வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிற சங்கதி. 'இன்லைன் ஆகியிருக்கிறது, கவலை வேண்டாம்' என்று குறிப்பு எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியாகிவிட்டது. இரண்டு வருடம் இருக்கும்.

நேற்று அண்ணனை இந்த மெஷினில் போட்டார்கள். இன்று காலை அலுவலகத்துக்கு ஓடினேன். எதையும் கரைக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லிவிட்டு, அதே சோதனையை மறுபடி ஓட்டினேன்.

பூஜ்ஜியம்.

கரையவே இல்லை. குழாய் கழன்றபோது அதை எந்த ஃபங்ஷனும் கூப்பிடவே இல்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் குறிப்புக்குக் கீழே யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். பார்க்க என்ன இருக்கிறது, என் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பயமாக இருந்தது. பாதி அண்ணனுக்காக, பாதி எனக்காக.

நர்ஸ் வந்து மெஷினைச் செல்லமாகத் தட்டினார். "சமத்து மெஷின்ங்க இது. வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட கத்தினதில்ல."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நர்ஸிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த அறையில் இன்னும் பதினோரு கட்டில்கள் இருந்தன. எல்லாவற்றின் தலைமாட்டிலும் அதே மெஷின்.

எதன் பக்கத்திலும் நாற்காலி இல்லை.