பாலம் வழியாக வேண்டாம்

வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆகியும் எல்வுட் கோம்ப்ஸ் துப்பாக்கியைத் தொடவில்லை. சாக்பீஸைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரும்பலகையில் தன் கொட்டகையின் விலாசத்தை எழுதினார். ஸ்டோன் க்ரீக் சாலை, 412. அதற்குக் கீழே இன்னொரு வரி: மேட்டுச் சாலை வழியாக வரவும். பாலம் வழியாக வேண்டாம்.

"யாருக்காவது குண்டு பட்டுச்சுன்னா அந்தப் பதட்டத்துல அவனவனுக்குச் சொந்தப் பேரே மறந்துபோகும். அதான் எழுதி வைக்கறேன்" என்றார்.

தகரக் கூரையில் நவம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்தது. மாணவர்கள் ஐந்து பேர். ஆறாவதாக வந்தவனை, முந்தின இரவு குடித்த விஸ்கி வாடை இன்னும் அடிக்கிறது என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

வெர்னா டாக்கெட் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. வணக்கத்துக்குத் தலையசைத்தாள், காப்பி வேண்டுமா என்றதற்கும் தலையசைத்தாள். வகுப்புக்குப் பதிவு செய்ததுகூடக் கணினியில்தான், போன் செய்யவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை டாரல் சிறையிலிருந்து வெளியே வருகிறான். அவளுடைய தோள்பட்டை எலும்பை உடைத்துவிட்டு உள்ளே போன முன்னாள் கணவன். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட் கொடுத்த உத்தரவு கைப்பையில் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் டாரல் மூக்கைச் சிந்திப் போடுவான்.

கோர்ட் குமாஸ்தாவிலிருந்து தேவாலயத்துப் பெண்கள் வரை, அவள் விசாரித்த அத்தனை பேரும் எல்வுட்டிடம் போ என்றுதான் சொன்னார்கள். இருந்தும் அவள் துப்பாக்கி சொல்லித்தரும் வேறு இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தாள்.

முதலாமவன் சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டி வைத்திருந்தான். ஒரு மணி நேரம் தன் வீரப் பிரதாபத்தை அளந்தான். முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, என்னிடம் அதற்கு வேலையே வராது என்று சிரித்தான்.

இரண்டாமவன் பெண்களுக்கென்றே வந்ததாம் என்று ஒரு ரோஸ் நிறத் துப்பாக்கியை எடுத்து ஆட்டி ஆட்டிப் பேசினான். குண்டு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அது மூன்று முறை அவள் வயிற்றுக்கு நேரே வந்து போனது. விரலோ விசையின் மேலேயே இருந்தது. வெர்னா எழுந்து வந்துவிட்டாள்.

இனி வெள்ளிக்கிழமைக்கு ஆறே நாள். எல்வுட்டை விட்டால் வேறு ஆள் இல்லை.

எல்வுட் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் ரத்தத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் கேட்டுக்கு ஓடிப்போய் நின்று ஆம்புலன்ஸுக்குக் கை காட்ட வேண்டும். ஒருவர் போன் பேச வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, சுட எப்போது சொல்லித் தருவீர்கள் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

எல்வுட் சாக்பீஸைக் கையில் உருட்டினார். நாலு வருடத்துக்கு முன் இதே கொட்டகையில் டோபின் என்ற மாணவன் துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகும்போது தன் தொடையில் சுட்டுக்கொண்டதைச் சொன்னார். அந்த வாரம்தான் வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது; இன்னும் திரும்பக் கட்டவில்லை. ஆம்புலன்ஸ் பாலம் வரை வந்து, திரும்பி, மலையைச் சுற்றி வந்து சேர்ந்தது. அதில் பதினெட்டு நிமிடம் போனது. பையனும் போய்விட்டான்.

"பாலம் போச்சுன்னு நான்தான் சொல்லல. போன்ல பேசின அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. நல்ல மனுஷி. கடைசி வரைக்கும் லைன்லயே இருந்து எனக்குத் தைரியம் சொன்னாங்க. அவங்கள ஒருதரம் நேர்ல பாக்கணும்னு இருக்கேன்."

மழை வலுத்தது.

எல்வுட் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து வெர்னாவிடம் நின்றார். பதறாத முகம், போன் பேசுவது நீங்கள்தான் என்றார். வாயால் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும், அது இல்லாமல் இங்கே யார் கைக்கும் துப்பாக்கி வராது என்றார். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, மறுமுனையில் போன் எடுப்பவரைப் போலக் கேட்டார்.

"என்ன அவசரம்? முதல்ல எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க."

அது வெர்னாவின் கேள்வி. வட்டார அவசர உதவி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக அவள் கேட்டுவரும் கேள்வி. ஒரு வார்த்தை மாறாமல் அவர் அதை நினைவில் வைத்திருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். இப்படியே வாசலைப் பார்த்துப் போய்விடலாமா என்று நினைத்தாள். தோள்பட்டை வலித்தது.

"ஸ்டோன் க்ரீக் ரோடு, நானூத்திப் பன்னெண்டு. மேட்டு ரோடு வழியா வாங்க. பாலம் வழியா வேணாம்."

பலகையில் ஏதோ எழுதப்போன எல்வுட்டின் கை பாதியில் நின்றது. அவர் திரும்பவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார், மெல்ல.

பாலம் போன தகவல் சீட்டு, டோபின் சுட்டுக்கொண்ட அன்று காலை ஏழு மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டது. வெர்னாவின் மேசையில், அவள் குடித்து வைத்த காப்பிக் கோப்பைக்கு அடியில் சாயங்காலம் வரை இருந்தது. அதை எடுத்துக் கிழித்துப் போட்டவளும் அவள்தான்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை பாலம் என்ற சொல்லைத் தாண்டிக் குரல் வரவில்லை.