பூட்டிய அறையில் கிரகணம்

“அந்த அட்டையைக் குடுடி!”

விருத்தாம்பாள் மருமகள் கையிலிருந்து ஜக்கார்டு அட்டையைப் பிடுங்கினாள். சேலைக் கரையில் அன்னம் விழுவதற்காகத் தறி மேல் மாட்டுகிற, வரிசையாக ஓட்டை போட்ட அட்டை.

“நேரா பாக்க மாட்டேன் அத்தை. இதை வெயில்ல பிடிச்சா ஒவ்வொரு ஓட்டையும் தரையில ஒரு சூரியனைக் காட்டும். கிரகணம் பிடிக்கிறது அப்படியே தெரியும். பத்திரிகையில போட்டிருக்காங்க.”

“ஏழு மாசத்தை வயித்துல வெச்சிகினு வெளியில நிப்பியா? போன வாட்டி பறிகுடுத்தது பத்தாதா?”

தேவகிக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு வானம் பார்க்கிற பைத்தியம். எண்பதாம் வருஷத்துக் கிரகணம் என்று மாசக்கணக்கில் நாள் எண்ணியவள். புருஷன் அருணாச்சலத்தைப் பார்த்தாள்.

“அம்மா சொல்றதைக் கேளு” என்றான் அவன், தறியை விட்டு எழாமலே. வேறு ஏதாவது சொல்லியிருந்தால்தான் அதிசயம்.

இரண்டு மணிக்கு மாமியார் அவளை அறைக்குள் விட்டு, வெளியே தாழ் போட்டாள். மேற்கு ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தது. கல் நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்து தேவகி அழுதாள்.

மூன்றரை மணி இருக்கும். தறிச் சத்தம் இல்லாத பகல் ஆரணியில் ஏது? அன்று தெருவே செத்துக் கிடந்தது. பொழுது சாய்ந்ததென்று காக்கைகள் கத்தின. பிறகு அதுவும் நின்றது. சாக்கின் இடுக்கில் தெரிந்த வெயில் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

ஊரில் குஞ்சு குளுவான்கூட வெளியே வராத நேரம். யாராயிருக்கும்?

“அத்தை!”

முன்னறையிலிருந்து அருணாச்சலத்தின் குறட்டைதான் வந்தது.

“அத்தை... அத்தை!”

சாக்கு மெல்ல அசைந்தது. யாரோ மூச்சு வாங்கினார்கள். படித்த படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. ராகு கேதுவெல்லாம் நிஜம்தானோ என்று தேவகி வயிற்றைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள்.

சாக்கின் ஓரம் விலகியது. இருட்டுத் தரையில் சின்னச் சின்னப் பிறைகள் விழுந்தன. பத்து, இருபது, நாற்பது. அத்தனையும் உயிர் வந்தது போல நடுங்கின.

பிறை இல்லை, எல்லாமே சூரியன் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து விருத்தாம்பாளின் குரல் வந்தது.

“வயித்து மேல படாம ஒதுங்கி உக்காந்து பாருடி. ஜல்தி! எனக்குப் பயத்துல அட்டையைப் பிடிச்ச கை நிக்க மாட்டேங்குது.”