பாம்புக்குச் செள்ளு

மோகன்குமார் பாம்பு வைத்தியர் என்று அழைத்து வந்த ஆளைப் பார்த்ததுமே கயல்விழிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சென்றாயன்! புதுச்சத்திரம் பக்கம் அவர் பாம்பு பிடிக்கப் போன வீடுகளில் பாம்போடு கொலுசும் சேர்ந்து காணாமல் போகும் என்பது ஊர்ப் பேச்சு.

"ஏனுங் மாமா, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்று கணவனின் காதைக் கடித்தாள்.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா கயலு? தங்கமான மனுசன்" என்றான் மோகன்குமார்.

அந்தத் தங்கம்தான் அவளுக்குக் கவலை. பாம்பு இருப்பது படுக்கையறையில், ஏசிக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள். அதை ஒட்டியே பீரோ. பீரோவுக்குள் அவள் அம்மா போட்டு அனுப்பிய இரண்டு பவுன் டாலர் செயின். வெள்ளிக்கிழமை இளம்பிள்ளை ஊரில் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. வெறும் கழுத்தோடு போய் நின்றால் அம்மா உயிரை எடுத்துவிடுவாள்.

பாம்பு, மூன்று மாதத்துக்கு முன் பெங்களூரு நண்பன் சும்மா கொடுத்தான் என்று மோகன்குமார் கொண்டுவந்த வெளிநாட்டுச் சாதி. பால் வெள்ளை. பெயர்கூட வைத்திருந்தான். ஒரு வாரமாக அதன் செதில் இடுக்குகளில் கடுகு மாதிரிக் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. பாம்பும் அரிப்புத் தாங்காமல் தண்ணீர்த் தட்டிலேயே கிடந்தது. செள்ளு, ரத்தம் உறிஞ்சும் உண்ணி! வீட்டுக்குப் பின்னால் கோழி ஷெட்டுகள். அங்கே பரவினால் என்ன ஆவது என்று கயல்விழிதான் முதலில் கத்தினாள். கத்தியதற்குப் பலன், இதோ சென்றாயன்.

வந்தவர் மோகன்குமார் கையிலிருந்த மருந்துத் தெளிப்பானைத்தான் முதலில் பிடுங்கி வைத்தார்.

"கோழிச் செள்ளுக்கு அடிக்கற மருந்துங்களா? இதை அடிச்சா செள்ளுக்கு முன்னால பாம்பு போயிருமுங்க தம்பி. வெதுவெதுன்னு தண்ணி குடுங்க. தலை மட்டும் வெளிய இருக்கறாப்புல ஊற வெச்சாப் பாதிச் செள்ளு முழுகிச் செத்துரும். கீழ போட்டிருக்கற மரத்தூளை எரிச்சரோணும். மருந்து பெட்டிக்குத்தான், அதுவும் பேருக்குத் தொடைக்கோணும். ஈரமும் வாடையும் போனப்பறந்தான் பாம்பை உள்ள உடோணும். முட்டை பொரிச்சு மறுபடி வருமுங்க, அடுத்த வாரம் இன்னொருக்கா வாரேன்."

இன்னொருக்கா வேறயா என்று கயல்விழிக்குப் பகீரென்றது.

"ஆள் நின்னாப் பாம்பு மிரளும். நாம வெளிய இருக்கலாம்" என்றான் மோகன்குமார். பீரோச் சாவியை எடுக்கப் போனவளின் கையையும் பிடித்து இழுத்தான். "வந்த மனுசன் முன்னால சாவியை உருவுனா என்ன நெனைப்பாரு?" சொல்லிவிட்டு முட்டை லாரிக்கு லோடு ஏற்றப் போய்விட்டான். இப்படியும் ஒரு ஏமாளியா!

கயல்விழி கோழிப் பண்ணையில் பிறந்து கோழிப் பண்ணையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கா வழி தெரியாது?

"ஏனுங்ண்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. வெளியாள் ஆரு வந்தாலும் எங்க பண்ணையில ஒரு வழக்கமுங்க" என்றாள்.

வழக்கம் எல்லாப் பண்ணையிலும் உள்ளதுதான். நோய்க்கிருமி வராமலிருக்க, வருகிறவர் குளித்து, தன் உடையைக் கழற்றி வைத்து, பண்ணை உடை போட்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போக வேண்டும். திரும்பும்போது மறுபடி குளியல். இந்தப் பண்ணை உடையில் ஒரு விசேஷம், அதில் பாக்கெட்டே கிடையாது. வேலையாட்களின் பாக்கெட்டில் முட்டை போகிறது என்று மாமனார் அப்படித் தைக்க வைத்திருந்தார்.

சென்றாயன் சிரித்துக்கொண்டே பண்ணைக் கால்சட்டைக்கு மாறினார். மருந்தும் துணியும் மட்டும் உள்ளே போயின. அவருடைய பேன்ட், சட்டை, பை மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு கயல்விழி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் சலசலத்தாலும் அவளுக்குப் பீரோக் கதவு கிறீச்சிடுவது போலவே இருந்தது. பாவம், காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஒருவழியாக வேலை முடிந்தது. மரத்தூளை அவள் கண் முன்னாலேயே கொட்டி எரித்துவிட்டு, சென்றாயன் குளிக்கப் போனார்.

லாரியை அனுப்பிவிட்டு வந்த மோகன்குமார் நேராக உள்ளே போனான். போன வேகத்தில் அலறினான்.

"ஐயோ கயலு! செயினைக் காணோம்!"

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் பார்த்தாள். நகைப் பெட்டி காலி.

"நான் அப்பவே நெனைச்சேன்! திருட்டுப் பய! அவன் பேன்ட் பாக்கெட்டைப் பாரு!" என்று குதித்தான் மோகன்குமார்.

"பேன்ட் அப்பப் புடிச்சு எம் மடியிலதானுங்க இருக்குது."

"பையில பாரு!"

"அதுவும் எங்கிட்டத்தானுங்க இருக்குது."

"அப்ப... உள்ள போட்டிருந்த துணியில?"

"பண்ணைத் துணிங்க மாமா. பாக்கெட்டே இல்லை. குளிக்கப் போறப்ப நானே உதறி வாங்கி மருந்துத் தண்ணியில ஊறப் போட்டேன்."

மோகன்குமாரின் முகம் பேயறைந்தது போல ஆனது.

துண்டோடு தலையைத் துவட்டிக்கொண்டே சென்றாயன் வந்தார்.

"பாம்பு இனிப் பொழைச்சுக்குமுங்க அம்மிணி. பத்தரமாப் பாத்துக்குங்க. இந்த வெள்ளைச் சாதியை ஒண்ணரை லட்சத்துக்குக் கொறைஞ்சு எவனும் தர மாட்டான்."

"ஏனுங் மாமா, சும்மா குடுத்தாருன்னு சொன்னீங்களே, அந்தப் பெங்களூரு ஃப்ரெண்டு பேரென்னுங்க?" என்றாள் கயல்விழி நிதானமாக.

மோகன்குமார் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

மூன்று மாதமாக ஏசியில் சுருண்டு படுத்திருந்ததும், இன்று வெந்நீரில் குளித்துச் செள்ளு நீங்கிப் பளபளவென்று கிடப்பதும் தன்னுடைய இரண்டு பவுன் டாலர் செயின்தான் என்பது கயல்விழிக்கு விளங்கிவிட்டது.