டிரம்பெட்டில் வெட்டிய பெயர்

கோவில்பட்டி பேண்டு செட் கடை வாசலில் உச்சிவெயில் பழைய டிரம்பெட்டில் பட்டு, கடைக்காரி பொன்மணியின் கன்னத்தில் துள்ளுகிறது. சென்னையிலிருந்து வந்த சேகரிப்பாளர் கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு, எறும்புக்கு வைத்தியம் பார்ப்பவர்போல அதன்மேல் குனிந்திருக்கிறார். செய்த கம்பெனியின் பெயர் தெரிகிறது. லண்டனில் அடிக்கடி இடம் மாறிய கம்பெனி அது. எந்தத் தெரு என்று தெரிந்தால் எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். அந்தத் தெருப் பெயரின்மேல்தான் ‘பொன்மணி’ உட்கார்ந்திருக்கிறாள். பேண்டுக்கார அப்பா மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்ததைக் குடம், அண்டாவோடு சேர்த்துப் பாத்திரக்கடைக்கு அனுப்ப, கடைக்காரர் எல்லாம் பித்தளைதானே என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிவிட்டார். “உள்ளேயிருந்து தட்டி இந்தப் பேரை எடுத்துட்டா தெரு தெரிஞ்சிடும்மா. மியூசியத்துலயே வெச்சிடலாம்,” என்று சேகரிப்பாளர் சின்னச் சுத்தியலை எடுக்கிறார். வெயிலில் வந்த மனுசனாயிற்றே என்று மோர் கொடுத்த கையாலேயே பொன்மணி டிரம்பெட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள். “வருசந்தான வேணும் அண்ணாச்சி? எழுதிக்கிடுங்க. தொண்ணூத்தெட்டு, தை மாசம். அன்னைக்குத்தான் இது என் பேருக்கு வந்துச்சு. அதுக்கு முந்தி எந்தத் தெருவுல கிடந்தா எனக்கென்ன?” தனக்குத் தெரிந்த ஆறே பாட்டுகளில் சத்தம் கூடின பாட்டாகப் பார்த்து, அவர் முகத்துக்கு நேரே ஊதுகிறாள். சாலையில் போன கழுகுமலை பஸ், பின்னால் ஏதோ ஹார்ன் என்று ஓரம் ஒதுங்கி வழிவிடுகிறது.